நாலாம் பக்கத்தில் நின்றவள்

"இன்னும் இருபதே நிமிஷம்" என்றார் ராதாகிருஷ்ணன்.

தனலெட்சுமி மறுபடி என்டரைத் தட்டினாள். பக்கத்து மேஜையில் ஜெயராஜ் வேலையை எப்போதோ முடித்துவிட்டு ஒய்யாரமாகக் காலை ஆட்டிக்கொண்டிருந்தான். அவன் திரையில் இணையப் பக்கம் ஜம்மென்று வந்து நின்றது. அவள் திரையிலோ அதே பாழாய்ப்போன பிழைச் செய்தி, பதினோராவது தடவையாக.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் ராதாகிருஷ்ணனின் ஆபீஸ் அது, தொண்ணூற்றொன்பதாம் வருஷம். புதிதாக இணையத்தளம் கட்டுகிறவர்கள் ஆரம்பிப்பதற்கென்று அவர் தயார் ஃபைல்களைத் தொகுத்து ஒரு கிட் செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றிக்கொள்ளுங்கள் என்று இன்டர்நெட்டில் இலவசமாக விட்டிருந்தார். அறுபத்து மூன்று ஃபைல்கள், பார்த்தாலே தலை சுற்றும். அதை எப்படி இயக்குவது என்று பதினான்கு பக்கத்துக்குக் குறிப்பும் அவரே எழுதியிருந்தார்.

அந்தக் குறிப்பைத்தான் காலையில் ஆளுக்கொரு பிரதி கொடுத்தார், சீவிய பென்சில் ஒன்றோடு.

"இதுல உள்ளபடி செய்யுங்க. என்கிட்ட எதுவும் கேக்கக் கூடாது. போகும்போது குறிப்பைத் திருப்பிக் குடுத்துடணும்."

காலியாக இருந்த வேலை ஒன்றே ஒன்று. வந்தவர்கள் இரண்டு பேர்.

தனலெட்சுமிக்கு இது மூன்றாவது நேர்முகம். "இதுவும் போச்சுன்னா திங்கக்கிழமை பேசாம மேரு கிளவுஸ் ஃபேக்டரி பஸ்ல ஏறு. இனிமே சாக்கு சொல்லாதே" என்று, கிள்ளானில் ரயில் ஏற்றிவிடும்போதே அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டான். மாய்ந்து மாய்ந்து கம்ப்யூட்டர் படித்தது ரப்பர் கையுறை உருவுவதற்கா?

நாலாம் பக்கத்தில்தான் சனியன் பிடித்தது. 'ஃபோல்டருக்குள் சென்று இயக்கவும்' என்று போட்டிருந்தது. ஒன்பது ஃபோல்டர் இருக்கிறதே, எதற்குள் போவதாம்? ஓரத்தில் பென்சிலால் 'எதுக்குள்ள?' என்று எழுதினாள். அடுத்த பக்கத்தில் 'வழக்கம்போல் மாற்றவும்' என்றது குறிப்பு. 'யாரு வழக்கம்?' என்று எழுதினாள். கோபம் கோபமாக வந்தது. பக்கத்துக்குப் பக்கம் எழுதிக்கொண்டே போனாள்.

போன் அடித்தது. ராதாகிருஷ்ணன் எடுத்தார். "ஈப்போவிலேருந்தா பேசுறீங்க? எல்லாம் குறிப்புல இருக்கே அண்ணே... படிச்சும் வரலையா?" கிட்டை இயக்கத் தெரியாமல் திணறுகிறவர்களிடமிருந்து அரைமணி நேரத்தில் இது மூன்றாவது போன். மனுஷர் நொந்துபோய் ரிசீவரை வைத்தார்.

அவர் முதுகைத் திருப்பிய நேரம் பார்த்து, "ஜெயராஜ், நாலாம் பக்கத்துல எந்த ஃபோல்டர்?" என்று கிசுகிசுத்தாள் தனலெட்சுமி.

"நாலாம் பக்கமா? நான் அதைப் படிக்கவே இல்லை லா. இதெல்லாம் பார்த்தாலே தெரியும்" என்றான் அவன்.

பார்த்தாலே தெரியுமாமே!

"டைம் ஆச்சு."

அப்போதுதான் அவள் தன் கையிலிருந்த தாள்களைப் பார்த்தாள். அடிப் பாவி, புத்தம் புதுத் தாளை இப்படியா கிறுக்கி வைப்பாய்! பள்ளிக்கூடத்தில் இரவல் கொடுத்த பாடப்புத்தகத்தை வருஷக் கடைசியில் ஒரு கோடு இல்லாமல் திருப்பிக் கொடுத்து வளர்ந்தவள். பையிலிருந்த அழிப்பானை எடுத்துப் பரபரவென்று தேய்த்தாள். வேலைதான் போயிற்று, பேராவது மிஞ்சட்டும்.

ராதாகிருஷ்ணன் முதலில் ஜெயராஜிடம் போனார். "கெட்டிக்காரன்பா!" என்று தோளில் தட்டினார். அவன் குறிப்பை வாங்கிப் புரட்டினார். தாள் மடங்கக்கூட இல்லை.

பிறகு அவளிடம் வந்து கையை நீட்டினார். திரையைப் பார்க்கவே இல்லை.

"முடியலை சார்" என்றாள்.

"குறிப்புல ஏதாவது புரியாம இருந்துச்சாம்மா?"

"இல்ல சார். குறிப்பு நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் மண்டையில ஏறலை."

அவர் முகம் விழுந்துவிட்டது. "சரி, ரெண்டு பேரும் கிளம்புங்க" என்று தாள்களை மேஜையில் போடப் போனவர், தன் சட்டையில் உதிர்ந்த அழிப்பான் தூளைப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார். முதல் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது.

"எதுக்குள்ள..." என்று பென்சில் அழுந்திய தடத்தை மெல்லப் படித்தார். "யாரு வழக்கம்..."

தனலெட்சுமி பதறிப்போனாள். "சாரி சார்! தெரியாம கிறுக்கிட்டேன். எல்லாத்தையும் அழிச்சிட்டேன் சார்!"

அவர் பதினான்கு பக்கத்தையும் விடாமல் பார்த்தார். பிறகு, "தம்பி, நீ கிளம்பலாம்" என்றார்.

"பாஸ், நான்தானே முடிச்சேன்?" ஜெயராஜ் வாயைப் பிளந்தான்.

அவர் தனலெட்சுமி பக்கம் திரும்பினார். தாள்களை அவள் மடியில் வைத்து, சட்டைப் பையிலிருந்த பேனாவை நீட்டினார்.

"யாரும்மா உன்னை அழிக்கச் சொன்னா? திங்கக்கிழமை வந்து அத்தனையும் மறுபடி எழுது. நான் தேடுறதே இந்தக் குறிப்பைத் திருத்துற ஆளைத்தான்!"