அண்ணனின் உரையைத் திருத்தியவள்

அண்ணன் இன்னொரு துண்டு மீன் கேட்டான்.

வாக்கெடுப்பு முடிந்து மூன்றாவது நாள். எங்களைப் போன்ற இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ பதிவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்ற சட்டம் ஒரே ஒரு வாக்கில் தோற்றிருந்தது. மன்றத்தில் எதிர்த்துக் கை தூக்கிய உறுப்பினர்களில் அண்ணனும் ஒருவன். அவன் ஒருவன் இந்தப் பக்கம் வந்திருந்தால் போதும்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் அவனுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. பதினாறு வருடமாக அப்படித்தான். இந்த வாரமாவது வர வெட்கப்படுவான் என்று நினைத்தேன். வெட்கமா, அவனுக்கா? பன்னிரண்டரைக்கெல்லாம் வந்து கை கழுவிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

மீன் என்னோடு வாழ்கிறவள் பொரித்தது. எலுமிச்சை, பூண்டு, கொஞ்சம் மிளகு. அளவெல்லாம் கிடையாது, அவளுக்குக் கண்தான் அளவு. நான் உப்பைக்கூடத் தராசில் நிறுத்துப் போடுகிறவள். அதனால்தான் என் சமையலை யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை.

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு இருபது வருட வேலை. கிருமியை எண்ணாமல் ஓர் அறிக்கையிலும் கையெழுத்துப் போட்டதில்லை. அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

அண்ணன் மன்றத்தில் பேசிய உரையைத் திருத்திக் கொடுத்தவள் நான்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு மாலை, என் ஆய்வுக்கூடத்துக்கே அதைக் கொண்டுவந்தான். மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று கட்சி சொல்லிவிட்டதாம். எழுதிக் கொடுத்தவர்கள் நிறைய அறிவியல் போட்டிருக்கிறார்கள், சரியா என்று பார் என்றான்.

பதினான்கு பக்கம். ‘ஆராய்ச்சிகள் கூறுகின்றன’ என்று பதினொரு இடத்தில் இருந்தது. பதினொரு இடத்திலும் ‘எந்த ஆராய்ச்சி?’ என்று சிவப்பு மையில் எழுதினேன். இயற்கையில் எந்த உயிரினத்திலும் இது இல்லை என்ற வரிக்கு எதிரே பென்குவினில் தொடங்கி ஆட்டுக்கடா வரைக்கும் பட்டியல் போட்டேன். சதவீதங்கள் எல்லாம் வாய்க்கு வந்தவை. அடித்தேன். மிஞ்சியது மூன்று பக்கம், அதிலும் பாதி அவைத்தலைவருக்கு வணக்கம்.

பொய்யை எடுத்துவிட்டால் அவனுக்குப் பேச ஒன்றும் இருக்காது என்று நம்பினேன். காரணம் இல்லாதவன் எப்படி எதிர்ப்பான்? அரசியலைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவன் பன்னிரண்டு நிமிடம் பேசினான். ஓர் எண்கூடத் தப்பில்லை. நான் அடித்த பக்கங்களின் இடத்தில் எங்கள் வீட்டைக் கொண்டுபோய் வைத்தான். எனக்கு மிக நெருக்கமான ஒரு வீடு, அதில் இரண்டு பெண்கள் பதினாறு வருடமாக நிம்மதியாக வாழ்கிறார்கள், எந்தச் சட்டமும் வேண்டாம் என்கிறார்கள், வேண்டாம் என்பவர்கள் மேல் இதை ஏன் திணிக்கிறீர்கள் என்றான். மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள்.

அவள் நர்ஸ். வார்டில் நோயாளிகளோடு நின்று தொலைக்காட்சியில் அதைப் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், நமக்கு வேண்டாம் என்று இவருக்கு யார் சொன்னது என்று கேட்டாள். அரசியல்வாதி, வாய்க்கு வந்ததைப் பேசுவான், விடு என்றேன்.

இப்போது பெரிய துண்டாகப் பார்த்து அவன் தட்டில் வைத்தாள்.

"நல்லா சாப்பிடுங்கண்ணா. அடுத்த மாசத்துலேர்ந்து இங்க இவ சமையல்தான்."

"ஏன், நீ எங்கம்மா போற?"

அவள் உள்ளே போய் மாறுதல் ஆணையை எடுத்து வந்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அறுநூறு கிலோமீட்டர் தள்ளி ஓர் அரசு மருத்துவமனை. குறைந்தது ஐந்து வருடம். கணவன் மனைவி என்றால் ஒரே ஊரில் வேலை கேட்டு விண்ணப்பிக்கலாம், விதியே இருக்கிறது. நாங்கள் இருவரும் ஒரு குடும்பம் என்று சொல்லத்தான் அரசாங்கத்திடம் ஒரு காகிதமும் இல்லை. அண்ணனிடம் சொல்ல வேண்டாம், சட்டம் எப்படியும் வந்துவிடும் என்று அவளுக்குச் சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். பதிவு அலுவலகத்துக்குப் போவதற்கென்று அவள் ஒரு நாள் விடுப்புகூட எழுதிக் கொடுத்திருந்தாள்.

அண்ணன் படித்தான். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. அவன் கூனிக்குறுகுவதைப் பார்க்கக் காத்திருந்தேன்.

அவன் நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தான்.

"அன்னைக்கு உன் லேப்ல வச்சுக் கேட்டேனே. உங்க ரெண்டு பேருக்கும் இது வேணும்னா ஒரு வார்த்தை சொல்லு, நான் ஓட்டை மாத்திப் போட்டுடறேன்னு."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

கேட்டான். கதவில் சாய்ந்துகொண்டு, சட்டைப் பையில் சில்லறை தேடுகிறவன் மாதிரி கேட்டான். இவனிடமா கை நீட்டுவது என்ற வீம்பு எனக்கு. எங்களுக்கு எந்தச் சட்டமும் வேண்டாம், நாங்கள் நிம்மதியாகத்தான் இருக்கிறோம் என்று சொல்லிவிட்டு, குனிந்து அடுத்த பக்கத்தைத் திருத்தப் போய்விட்டேன்.

மாறுதல் ஆணை வீட்டுக்கு வந்து, அவன் கேட்ட அன்றோடு நான்கு நாள் ஆகியிருந்தது.