ஒரு வாளிக் குளிர்

வாளியை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டாள்.

கார் அடுத்த கொண்டை ஊசி வளைவில் திரும்பியது. தண்ணீர் ஒருபக்கமாக ஏறி, மூடியில் மோதி, இறங்கியது. அதோடு மீன்களும்.

சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன்கள். விலாவில் ஒரு வெள்ளிக் கோடு. வாலில் ஒரு சொட்டுச் சிவப்பு. கடைக்காரர்கள் ஒயிட் கிளவுட் என்பார்கள். மலையோடை மீன். குளிர்ந்த தண்ணீர் இருந்தால் போதும், வேறொன்றும் கேட்காது.

குன்னூரில் தொட்டியை ஜன்னலோரம் வைத்திருந்தாள். மீதியைக் குளிர் பார்த்துக்கொண்டது. பாசிக்குள் முட்டையிட்டு, அதுகளாகவே பெருகின.

குன்னூர் முடிந்துவிட்டது. கணவன் குழந்தைவேல் தேயிலை ஃபேக்டரி வேலையை விட்டாயிற்று. இனி தாராபுரத்துச் சொந்த வீடு. சாமான் லாரியோடு அவன் முன்னாலேயே போய்விட்டான்.

"மீனுதானே. அங்க போயி வேற வாங்கிக்கலாம்," என்று சொல்லியிருந்தான்.

சூடு ஏறாமல் கொண்டுபோக அவள் தெர்மாகோல் பெட்டி ஒன்று வாங்கி வைத்தாள். காலையில் சாமான் ஏற்றியவர்களில் ஒருவர் அதன்மேல் காலை வைத்து உடைத்துவிட்டார்.

அதனால் இந்த வாளி. பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் ஒரு குழாய் வழியே காற்றை ஊதிக்கொண்டிருந்தது. உள்பக்கம் ஒரு தெர்மாமீட்டர்.

அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள்.

மூடியை விலக்கிப் பார்த்தாள்.

ஏறியிருந்தது.

ஏசி போட்டால் போதும். ஆனால் பக்கத்தில் அத்தை. குழந்தைவேலின் அம்மா. மூடிய கண்ணாடியும் ஏசிக் காற்றும் சேர்ந்தால் அவருக்குக் குடலைப் புரட்டும். மலை இறங்கத் தொடங்கியதுமே கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டார். தாராபுரத்து வீட்டிலும் ஒரே ஓர் அறையில்தான் ஏசி. அதையும் அத்தைக்கு ஆகாதென்று போடுவதில்லை. தொட்டியை எங்கே வைப்பது? சித்திரையில் என்ன செய்வது? அதை யோசிக்காமலிருக்கத்தான் அவள் வளைவுகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஒவ்வொரு வளைவிலும் காற்று மாறியது. முதலில் சில்லென்று இருந்தது. பிறகு வெறும் காற்று. பர்லியாறு நெருங்கும்போது, கொதிக்கும் உலையைத் திறந்ததுபோல முகத்தில் அடித்தது.

'கண்ணாடியை ஏத்தட்டுங்களா' என்று கேட்க வாயெடுத்தாள். அத்தையின் முகம் வெளுத்திருந்தது. மடியில் பிளாஸ்டிக் கவர்.

வாளியின் மூடியை மறுபடி விலக்கினாள்.

ஒரு மீன் மேலே வந்தது. வாயைத் திறந்து திறந்து மூடியது. பிறகு இன்னொன்று.

"தம்பி, நிறுத்துங்க," என்றாள்.

டிரைவர் ரஃபீக் பழக்கடைகளின் ஓரமாக நிறுத்தினான். அத்தை கதவைத் திறந்து குனிந்து ஓங்கரித்தார். ரஃபீக் ஓடிவந்து அவர் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"தண்ணி வாங்கிட்டு வந்தர்றனுங்க," என்று அவள் ஓடினாள்.

கடை ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் கையை விட்டுத் துழாவி, இருப்பதிலேயே சில்லென்ற பாட்டிலை எடுத்தாள். திரும்பி ஓடிவந்தாள். வாளியைத் திறந்தாள். பாட்டிலை அப்படியே தண்ணீருக்குள் இறக்கினாள். மெல்லத்தான் குளிர வேண்டும். சட்டென்று குளிர்ந்தாலும் தாங்காது. தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்தபோது அத்தையின் கை நீண்டிருந்தது.

உள்ளங்கை விரிந்து, பாட்டிலுக்காக.

மோவாயில் எச்சில் வழிந்திருந்தது. கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அவராகவே அதை மடக்கிக்கொண்டார்.

"எனக்குன்னு நெனச்சுட்டேன் கண்ணு."

அந்தக் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தாலாவது தேவலை.

அவளுக்குக் காது சுட்டது. பாட்டிலை வெளியே எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். மீன் தண்ணீர் பட்ட கையோடு அடுப்படிக்குள் வரக்கூடாது என்று இத்தனை வருஷம் சொன்னவர் அவர்.

"வேற வாங்கிட்டு வர்றனுங்க அத்தை. இது..."

அத்தை பாட்டிலை வாங்கினார். திருகித் திறந்தார். அண்ணாந்து ஒரு வாய். கொப்பளித்துத் துப்பினார். இன்னொரு வாய். அதை விழுங்கினார். மூடியை இறுக்கி அவள் கையிலேயே கொடுத்தார்.

"உள்ள வெச்சுரு. வாயத் தொறக்குதுக பாரு."

ரஃபீக் போய் இன்னும் சில பாட்டில்கள் வாங்கிவந்தான். யாரும் சொல்லவில்லை.

கார் கிளம்பியது. கல்லாறு தாண்டியதும் வெயிலில் கண் கூசியது. அத்தை பொத்தானைத் தேடி அழுத்தினார். கண்ணாடி முழுக்க ஏறியது.

"அத்தை, உங்களுக்கு ஆகாதுங்க."

"தம்பி, ஏசியப் போடு."

தலைப்பை இழுத்துக் காதோடு சுற்றிக்கொண்டார். புதுக் கவர் ஒன்றை விரித்து இரண்டு கையாலும் வாயருகே பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியில் வியர்வை அரும்பியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் தொண்டை ஏறி இறங்கியது.

அவள் அத்தையைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். மறுபடி அத்தையைப் பார்த்தாள். தாராபுரம் இன்னும் எவ்வளவோ தூரம்.

மேட்டுப்பாளையம் வந்தபோது, கண்ணைத் திறக்காமலே அத்தை கேட்டார்.

"எல்லாம் உசுரோடதானே இருக்குது?"

மூடியை விலக்கினாள். கூட்டம் பாட்டிலைச் சுற்றி நின்றது. துடுப்புகள் அசைந்தன. அடியில், காற்றுக்குழாயின் ஓரமாக, இரண்டு ஒருக்களித்துக் கிடந்தன. குமிழி முட்டும்போது மட்டும் நகர்ந்தன.

"எல்லாம் இருக்குதுங்க அத்தை."

அத்தை தலையை அசைத்தார். கவரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அவள் வாளியை மூடி, மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.