யெசெனியாவின் ஓட்டத் தேர்வு

போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வில் யெசெனியா இரண்டு முறை தோற்றுவிட்டாள். அதனால் தினமும் விடிந்ததும் லா பாஸ் நகரத்து மலைப்படிகளில் அப்பா எவுசேபியோ முன்னால் ஓடுவார், அவள் துரத்துவாள்.

“இப்படி ஓடினா ஆமைகூட உன்கிட்ட மாட்டாதுடி!” என்பார், களைப்புத் தெரியாமலிருக்க மெல்லும் கோக்கா இலையைக் கன்னத்தில் அடக்கியபடி.

“சந்தையில மூட்டை தூக்குற ஆளுக்கு இவ்வளவு வேகமா? போதும்பா, என்னால முடியல.”

“எனக்கும்தான் முடியல. ஓடு.”

இன்று கடைசித் திருப்பத்தில் அவருடைய சட்டைக் காலர் அவள் கையில் சிக்கியது. அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் மூச்சு வாங்கியது.

“நீ தேறிட்டம்மா. இத்தனை வருஷத்துல இந்த ஊர்ப் போலீஸ் ஒருத்தர்கூட என் சட்டையைத் தொட்டதில்ல.”

யெசெனியா காலரை விடவில்லை. “போலீஸ் எதுக்குப்பா உன்னைத் துரத்தணும்?”

“நான் மூட்டை தூக்கினதே இல்லம்மா. சந்தைக்கு வர்றவங்க பையிலதான் கை வெச்சேன். அலுத்துப்போச்சு. இன்னையோட விட்டுட்டேன்.”

அவளுக்கு அழுகை முட்டியது. “வீட்டுல யார் மேலயாவது கேஸ் இருந்தா எனக்கு வேலையே கிடையாதுப்பா!”

“என் மேல ஒரு கேஸும் இல்லம்மா,” என்றார் எவுசேபியோ களைப்பாக. “என்னை யாரு பிடிச்சாங்க?”