ராபிக்குப் பின்னால் ஒரு பலகை

“அந்தப் பலகையைக் கொஞ்சம் அந்தப் பக்கமா கொண்டுபோங்க” என்று லொரெய்ன் மூன்றாவது தடவையாகச் சொன்னாள்.

பலகைக்காரர் நகரவில்லை. அறுபதைத் தாண்டிய மனிதர். கையில் நீண்ட கம்பு, அதன் நுனியில் கதவு அகலத்துக்கு ஓர் அட்டை. ‘மன்னராட்சி போதும்’ என்று அதில் கறுப்புக் கொட்டை எழுத்து.

லண்டனில் அன்று நாடாளுமன்றத் திறப்பு விழா. மன்னர் அரண்மனையிலிருந்து குதிரை வண்டியில் போகும் சாலை நெடுக, இரண்டு ஓரத்திலும் காவல்படைச் சிப்பாய்கள். சிவப்புக் கம்பளி அங்கி, கரடித்தோல் தொப்பி. பூங்கா ஓரமாக மூன்றாவது விளக்குக் கம்பத்தருகே நின்ற சிப்பாய் அவள் மகன் ராபி. சாலையைப் பார்த்தபடி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றான். தடுப்புக்கு இந்தப் பக்கம் அவள்.

வடக்கே தூரத்தில் சண்டர்லேண்ட் ஊரில் பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு முதல் நாளே வந்து, விடிந்தும் விடியாமலும் இடம் பிடித்திருந்தாள். காரணம் இருந்தது. ஒத்திகையில் ராபி இரண்டு தடவை மயங்கி விழுந்திருந்தான். இன்னொரு தடவை விழுந்தால் இனி அணிவகுப்பே கிடையாது, கிடங்கில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போடு என்று சார்ஜென்ட் சொல்லிவிட்டாராம்.

“நீ எனக்குப் பின்னாடி வந்து நில்லும்மா. அது போதும், நான் விழமாட்டேன்” என்று போனில் சொன்னான்.

வந்து நின்றாள். இந்த மனிதரும், ஊரில் வேறு இடமே இல்லாத மாதிரி, ராபியின் முதுகுக்கு நேராக வந்து நின்றார்.

அவருடைய ஆட்கள் நூறடி தள்ளிக் கும்பலாகக் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே போகலாமே என்றாள். இங்கேதான் நிற்பேன் என்றார். சின்னப் பையன் தலைக்கு மேல் இதைப் பிடித்து அவனை அவமானப்படுத்துவதில் என்ன வீரம் என்று கேட்டாள். அவர் கம்பை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். பக்கத்தில் கொடியோடு நின்ற ஓர் அம்மாளும் லொரெய்னோடு சேர்ந்துகொண்டாள். பெண் போலீஸ் ஒருத்தி வந்து பார்த்தாள். தடுப்பைத் தாண்டாதவரை பலகை பிடிக்க அவருக்கு உரிமை உண்டு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூலை வெயில் ஏறியது. மனிதர் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தார். கம்பை இறக்கவில்லை. அவ்வப்போது அரை அடி நகர்த்தினார். அப்போதும் அது ராபியை விட்டு விலகவில்லை. வேண்டுமென்றே செய்கிறார் என்று லொரெய்ன் பல்லைக் கடித்தாள்.

பேண்டு சத்தம் கேட்டது. முதலில் மணிமுடி மட்டும் தனி வண்டியில் போனது. பின்னாலேயே குதிரைப்படை, மார்புக் கவசம் பளபளக்க. அடுத்து, தூரத்தில் மன்னரின் வண்டி தெரிந்ததும் கேமராக்கள் இந்தப் பக்கம் திரும்பின.

நாடே பார்க்கப்போகிறது. ராபியின் தலைக்கு மேல் அந்த எழுத்து.

லொரெய்னுக்குப் பொறுக்கவில்லை. எட்டிக் கம்பைப் பிடித்து, ஒரே இழுப்பில் பலகையைக் கீழே இறக்கினாள். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

மனிதர் அவளோடு மல்லுக்கு நிற்கவில்லை. அவள் காதருகே குனிந்து, மிகவும் தணிந்த குரலில் பேசினார்.

“சத்தம் போடாதீங்க, அவன் காதுல விழக்கூடாது. அவன் கழுத்தைப் பாருங்க.”

பார்த்தாள். இவ்வளவு நேரம் நிழலில் இருந்த பிடரியில் வெயில் சுள்ளென்று விழுந்திருந்தது. காலரெல்லாம் ஈரம். துப்பாக்கி நுனியிலிருந்த கத்தி மெல்ல ஆடத் தொடங்கியது.

“நானும் இதே சட்டையைப் போட்டுக்கிட்டு இதே ரோட்டுல நின்னவன்தாம்மா. நாப்பது வருஷம் ஆச்சு. குப்புற விழுந்து ரெண்டு பல்லு போச்சு. நான் வந்தப்பவே பையனுக்குக் கால் ஆடிட்டிருந்துச்சு. மயக்கம்ங்கிற பேச்சு காதுல விழுந்தாலே போதும், நிக்கிறவனும் விழுந்துருவான். அதான் வாயைத் திறக்கலை.”

பலகையை வாங்கக் கை நீட்டினார். தோள் பாதிக்கு மேல் எழவில்லை.

“மன்னர் வேணாம்கிறது வேற. பையன் விழவேணாம்கிறது வேற. கொடுங்கம்மா” என்றார்.

லொரெய்ன் கொடுக்கவில்லை. கம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, தலைக்கு மேல் தூக்கினாள். சரியான இடத்தை அவர் விரலால் காட்டினார். நிழல் மெல்ல நகர்ந்து ராபியின் பிடரியில் உட்கார்ந்தது. கத்தியின் ஆட்டம் நின்றது.

மன்னரின் வண்டி கடந்துபோனது. கொடி பிடித்த அம்மாள் லொரெய்னை ஏற இறங்கப் பார்த்தாள். தன் பையை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றாள். பின்னாலிருந்து யாரோ துரோகி என்றார்கள். தோள் கழன்று விழுந்துவிடும்போல் வலித்தது. லொரெய்ன் அசையவில்லை.

ஒன்றே கால் மணி நேரம் கழித்து மன்னர் அரண்மனைக்குத் திரும்பியபோதும் ராபி நேராகத்தான் நின்றான்.

அணி இன்னும் கலையவில்லை. அதற்குள் அந்தப் பெண் போலீஸ் மறுபடி வந்தாள்.

“உங்க மேல நாலு பேர் புகார் சொல்றாங்க. இந்தப் பலகை உங்களோடதாம்மா?”

லொரெய்ன் மகனின் பிடரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஆமா. என்னோடதுதான்.”