மூன்று தீக்குச்சிகள்

"இன்னைக்கும் மூணு!"

பெருக்குகிற அக்கா உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். எரிந்துபோன தீக்குச்சிகள். பிரார்த்தனைக் கூடத்து அணையா விளக்கின் பின்னால் கிடந்தவை.

முப்பத்தோரு வருஷமாக அணையாத விளக்கு. எண்ணெய் விட்டு, திரி தூண்டிக் காப்பவர் விளக்குக்கார அண்ணன்.

"எலி இழுத்துட்டு வந்திருக்கும், விடும்மா" என்றார் அவர்.

"எலி பீடி பிடிக்குமாண்ணே? எல்லாம் அந்தக் கடுகு வேலைதான்!"

கடுகு என்பது கூடத்துச் செயலாளரின் பட்டப்பெயர். எதற்கெடுத்தாலும் பொரிவார். தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்து, கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

"நாம தும்மினாலே குதிக்கிற மனுஷன், கும்பிடுற இடத்துல புகை விடலாமா? நாளைக்குக் கையும் களவுமா பிடிக்கிறேன் பாருங்க."

மறுநாள் விடிகிற நேரம். அக்கா கதவில் காதை வைத்தாள். சர்ர்ர்... சர்ர்ர்... மறுபடியும் சர்ர்ர்.

கதவைத் தள்ளித் திறந்தாள். "நல்லா இருக்குய்யா நியாயம்!"

கடுகின் வாயில் பீடி இல்லை. கையிலிருந்த குச்சி, அணைந்துகிடந்த திரியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தது.

"கத்தாதேம்மா. விளக்குக்காரனுக்குக் கண்ணு மங்கி ஒரு வருஷமாச்சு. திரியை எண்ணெய்க்குள்ளயே அமுக்கிடுறான், அணைஞ்சிடுது. நிர்வாகத்துக்குத் தெரிஞ்சா வேலையை விட்டு நிறுத்திடுவாங்க. இந்த விளக்கை விட்டா அவனுக்கு யார் இருக்கா?"

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. "அப்போ, அணையா விளக்குன்னு சொல்றது பொய்தானேய்யா?"

"சூரியன் தினமும்தான் சாயங்காலமானா காணாமப் போகுது. அதை யாராவது வேலையை விட்டு நிறுத்தினோமா?" பொரிந்தார் கடுகு. "போய்ப் பெருக்கு!"

சற்று நேரத்தில் விளக்குக்கார அண்ணன் வந்தார். சுடருக்கு மேலே உள்ளங்கையைக் காட்டிச் சூடு பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இன்னைக்கு எத்தனை குச்சிம்மா?"

அக்கா கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்லண்ணே. நீங்க சொன்ன மாதிரி எலிதான்."

அண்ணன் அக்கம்பக்கம் காது கொடுத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து புதுத் தீப்பெட்டி ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இதை விளக்குக்குப் பின்னால வெச்சிடும்மா. பழைய பெட்டி நமுத்துப்போச்சு. பாவம் அந்த எலி, தினமும் மூணு குச்சி கிழிக்குது."