பூட்ஸ் கடித்த அணி

லீக் தொடங்க ஒரு வாரம் இருக்கையில், பர்மாவின் தாமுவே பகுதித் தமிழர் கால்பந்து அணியில் ஏழு பேர் நொண்டினார்கள். அணியில் இருப்பதே பதினோரு பேர். மாற்று ஆள் கிடையாது.

“எவன்யா மிதிச்சான்?” என்றார் செயலாளர் ஆரோக்கியநாதன்.

“யாரும் மிதிக்கல சார். நீங்க வாங்கித் தந்த பூட்ஸ்தான் கடிக்குது,” என்றான் கேப்டன் சிலுவைமுத்து. “நாங்க வெறுங்கால்ல ஆடிப் பழகுனவங்க.”

“பூட்ஸ் இல்லாம வந்தா லீக்கை விட்டே தூக்கிடுவேன்னு தலைவர் ஊ பா தின் சொல்லிட்டாரேப்பா!”

“பூட்ஸோடயே வர்றோம். கவலைப்படாதீங்க.”

முதல் ஆட்டத்துக்குச் சொன்னபடியே வந்தார்கள். நடுவர் பதினோரு ஜோடியையும் எண்ணித் தலையாட்டினார். எதிரணி வலையில் நாலு கோல் விழுந்தது. ஒருவரும் நொண்டவில்லை.

மகிழ்ந்துபோன ஊ பா தின், ஜெயித்தவர்களை மொஹிங்கா சாப்பிடத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். பர்மிய வீடு. வாசலிலேயே பூட்ஸைக் கழற்றியாக வேண்டும். சிலுவைமுத்துவுக்கு வியர்த்தது. வேறு வழியின்றிக் கழற்றினார்கள்.

ஊ பா தின் ஒரு பூட்ஸைத் தூக்கிப் பார்த்தார். அடித்தோலே இல்லை, ஓட்டை வழியே அவர் முகம் தெரிந்தது.

“கடுமையான பயிற்சிங்க,” என்றான் சிலுவைமுத்து. “தேஞ்சு போச்சு.”