சான்றிதழ்த் தண்ணீர்

பெட்ரோல் பங்க்குக்கும் பள்ளிக்கும் நடுவே ஒரு மதில்தான். பள்ளியின் போர்வெல் குழாயடியில், மாதிரி எடுக்கும் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசினான் குடிநீர் ஆய்வாளன் தணிகைவேல். போன வருடம் வந்தபோது மோட்டார் ஓடவில்லை. மறுபடி அலைய அலுத்துக்கொண்டு, எதிர் டீக்கடையின் கேன் தண்ணீரைப் பிடித்துப் பள்ளியின் பெயரை ஒட்டி ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டான். ‘குடிக்க உகந்தது’ என்று வந்த அறிக்கை இப்போது குழாய்க்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது.

“பெட்ரோல் நாத்தம்னு பிள்ளைங்க குடிக்க மாட்டேன்னுச்சுங்க சார். நான்தான் இந்தச் சர்டிபிகேட்டக் காட்டிக் காட்டிக் குடிக்க வெச்சேன்,” என்றாள் சத்துணவு சமைக்கும் செல்லக்கிளி. வெயிலில் வந்தவனாயிற்றே என்று அவனுக்கும் ஒரு டம்ளர் பிடித்து நீட்டினாள்.

டம்ளரிலிருந்து பெட்ரோல் நெடி மூக்கில் ஏறியது. இரண்டு கையாலும் வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தான். பிறகு, இன்னொரு டம்ளர் கேட்டான்.